பெட்டியைத் திறந்ததும் புளிப்பு நெடி அடித்தால்

டிஜிட்டல் வேண்டாம், பழைய படத்தைப் பிலிமிலேயே போட்டுப் பார்ப்போம் என்று கேட்டு வரும் திரைப்படச் சங்கத்துக்காரர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஐம்பது அறுபது பேர் உட்காரக்கூடிய பிரிவியூ அரங்கு, ஓடும் நிலையில் ஒரு 35 எம்.எம். புரொஜெக்டர், எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஒரு பிரிண்ட். பிரிண்ட் செக்கிங்கும் ஆபரேட்டர் வேலையுமாகவே பிழைத்தவன் என்பதால் எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் பெட்டி வந்து இறங்கிய அன்று சாயங்காலமே படம் ஓட வேண்டும் என்று நிற்கிறார்களே, அங்கேதான் எங்களுக்குள் முட்டிக்கொள்ளும். பிரிண்டை மேசையில் ஓட்டிப் பார்க்காமல் மெஷினில் ஏற்றக் கூடாது. கடைசிப் பிரதியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஏற்றக் கூடாது.

முதல் சோதனைக்கு மூக்கு போதும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி வந்தால் அந்தப் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1950களிலிருந்து நம்மூரில் ஓடிய பிரிண்ட்களில் பெரும்பாலானவை அசிடேட் பிலிம். ஈரப்பதமும் சூடும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், அதனால் ஒரு முறை தொடங்கினால் நிற்காது; மெதுவாக்கத்தான் முடியும். 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக் காத்தாலே புதிய அசிடேட் பிலிமில் நெடி தொடங்க ஏறத்தாழ 40 ஆண்டு ஆகும் என்பது கணக்கு. சென்னைக் காற்றில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த பெட்டிக்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நெடியை நெருங்கி முகர வேண்டாம், கண்ணும் தொண்டையும் எரியும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தால் போதும், வாடை தானாக வரும்.

அடுத்து ரிவைண்டர் மேசை, பிலிமை ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றும் மேசை. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, கையால் மெதுவாகச் சுற்றியபடி பிலிமின் இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓட விட வேண்டும். ஓரத்தில் வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் கிழிந்தது விரலில் தட்டும். அறுந்த பிலிமை இணைத்த பழைய ஒட்டு தடிப்பாகத் தெரியும். அங்கே நிறுத்தி லேசாக வளைத்துப் பாருங்கள், விட்டுக்கொள்கிற ஒட்டை மறுபடி போட்டாக வேண்டும். ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தால் அந்த ரீலைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் சுருக்கம், அதாவது பிலிம் நீளத்தில் குறுகிப்போவது. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை, டேப் இருந்தால் போதும். 35 எம்.எம். பிலிமில் ஒரு பிரேமுக்கு நான்கு ஓட்டை, உயரம் 19 மில்லிமீட்டர். 100 பிரேம் எண்ணினால் சரியாக 190 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தால் எச்சரிக்கை. இரண்டு சென்டிமீட்டரை நெருங்கினால் அந்த ரீல் மெஷினுக்குப் போகாது, பேச்சே இல்லை. ரீலின் தொடக்கத்தில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். நடுவிலும் கடைசியிலும் அளந்து பாருங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், புரொஜெக்டரின் பற்கள் புதுப் பிலிமின் அளவுக்கு வெட்டப்பட்டவை. நொடிக்கு 24 முறை பிலிமை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கிறது மெஷின். சுருங்கிய பிலிமில் பல்லும் ஓட்டையும் பொருந்தாமல் ஒவ்வொரு இழுப்பிலும் ஓட்டையின் ஓரம் நறுக்குப்படும். நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது. ஆபரேட்டர் சத்தத்தில் வித்தியாசம் கேட்டு ஓடி வந்து நிறுத்துவதற்குள் ஒரு காட்சி போயிருக்கும். விளக்குக்கு முன்னால் பிலிம் கடந்துபோகும் ‘கேட்’ என்ற சட்டத்தில் சிக்கி நின்றுவிட்டால் விளக்கின் சூட்டில் பிரேம் பொசுங்கும். திரையில் பழுப்பு வட்டம் விரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிலர் அதற்கும் கைதட்டுகிறார்கள், என்னவோ பழங்கால அனுபவம் என்று!

மறைந்த ஒரு தயாரிப்பாளரின் பேரன் பெட்டியோடு வந்திருந்தார். “சார், தாத்தா எடுத்த படம். வீட்ல யாருமே பெரிய ஸ்கிரீன்ல பார்த்ததில்ல. ஒரே ஒரு தடவை ஓட்டிடுங்க சார்.” அளந்து பார்த்தேன், இரண்டாவது ரீலும் ஐந்தாவது ரீலும் தாங்காது. “தம்பி, அந்த ஒரு தடவையிலயே ரெண்டு ரீல் போயிடும். நெகட்டிவ் எங்க இருக்கு?” லேபில் இருந்ததாம். லேபை மூடியபோது யாரும் போய் எடுக்கவில்லை. அப்படியானால் அவர் கையில் இருப்பதுதான் அந்தப் படம், வேறு எங்கும் இல்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. லைட் பாக்ஸில் ஒரு பாட்டுக் காட்சியை விரித்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கேனுக்கு அனுப்பச் சம்மதித்தார். பல் இல்லாமல் உருளைகளிலேயே பிலிமை நகர்த்தும் ஸ்கேனர்கள் இருக்கின்றன, சுருங்கிய ரீலையும் அவை ஏற்கும். செலவு அதிகம்தான். ஆனால் ஸ்கேன் செய்த படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அரங்கில் போடலாம்.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று ஒரு பிரதிகூட இல்லை. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிமை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

1950களின் தொடக்கம் வரை தயாரான பிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம். இது வேறு ரகம், விளையாட்டே கூடாது. குறைந்த சூட்டிலேயே பற்றும். எரிவதற்கான ஆக்சிஜனைத் தானே தருவதால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் படங்கள் இருந்த கிடங்கு எரிந்து, திரும்பக் கிடைக்காத படங்கள் சாம்பலாயின. பிலிம் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அந்த எழுத்து இல்லாமல், பிசுபிசுப்பும் பழுப்புத் தூளுமாக இருந்தால் டப்பாவை மூடி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள். துண்டு வெட்டிக் கொளுத்திச் சோதிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை முதலில் வெளியே அனுப்புங்கள். பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்புவதும் கூடாது.

இதற்கு நேர்மாறாக, வீணாகப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். படம் முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்பார்கள். 1980களுக்கு முந்தைய கலர் பிரிண்ட்களில் மற்ற சாயங்கள் மங்கிச் சிவப்பு மட்டும் நிற்பது சகஜம். ஸ்கேன் செய்தபின் ஓரளவு நிறத்தை மீட்கலாம், ஒலித்தடமும் நன்றாகவே இருக்கும். மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிரிண்டும் அப்படித்தான். பார்க்க அசிங்கம், ஆனால் பிலிம் உறுதியாக இருந்தால் தாராளமாக ஓட்டலாம். 2000களில் வந்த பாலியெஸ்டர் பிரிண்ட்களில் வினிகர் தொல்லையே கிடையாது.

வீட்டில் பெட்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். துரு ஏறிய டப்பாவை மாற்றுங்கள். நெடி வருகிற ரீலை நல்ல ரீல்களோடு வைக்காதீர்கள். டப்பாவை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைத்து அடுக்குங்கள். பூஞ்சை இருந்தால் ஈரத்துணி வேண்டாம், தண்ணீர் பட்டால் படமே கரைந்து வரும்.

திரையிட நினைக்கும் சங்கங்களுக்கு ஒன்று. கையில் பிரிண்ட் இருப்பதும் திரையிடும் உரிமை இருப்பதும் வேறு வேறு. இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்குள் இருக்கும் படமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதேபோல, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடமோ மும்பையில் 2014-ல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனிடமோ குடும்பத்தார் பெட்டியை ஒப்படைக்கும்போது, பிரதியை மட்டுமே தருகிறோம், உரிமை எங்களிடமே இருக்கிறது என்று கடிதத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும் முன் பெட்டியைப் பளிச்சென்று துடைத்து, பழைய சீட்டுகளையெல்லாம் கிழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். என்.எஸ்.சி., எம்.ஆர்., டி.கே. என்று எந்த விநியோக ஏரியாவுக்குப் போன பிரிண்ட் என்பது அந்தச் சீட்டில் இருக்கும். சென்சார் சான்றிதழ் நகல் கிடைத்தால் அதையும் பெட்டிக்குள் போடுங்கள். அதில் மொத்த நீளமும் ரீல் எண்ணிக்கையும் இருக்கும். மேசையில் அளந்த நீளத்தை அதோடு ஒப்பிட்டால், ஊர் ஊராக ஓடியபோது எத்தனை அடி காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.