அட்டோல்: திவெஹி மொழி உலகுக்குத் தந்த சொல்

ஆங்கிலம் வழியாக நமக்கு வந்ததால் 'அட்டோல்' ஆங்கிலச் சொல் என்றே பலர் நினைக்கிறார்கள். சில அகராதிகள் அதை மலையாளத்தோடு முடிச்சுப் போடுகின்றன. ஆனால் இந்தச் சொல் அன்றும் இன்றும் புழங்குவது மாலத்தீவு மக்களின் திவெஹி மொழியில்தான். சிங்களத்துக்கு நெருங்கிய உறவுள்ள மொழி அது. நம் லட்சத்தீவுகளில் மினிக்காய்க்காரர்கள் பேசுவதும் அதன் ஒரு வழக்குதான். மாலத்தீவில் 'அத்தொளு' என்பார்கள். கடைசியில் வருவது நம் ளகரமே. ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லாததால் லகரமாகிவிட்டது.

சரி, அத்தொளு என்றால் என்ன? கடலுக்குள் வளையமாக ஓடும் பவளப்பாறை. நடுவில் அலை அடங்கிய காயல். பாறை வளையத்தின் மேலும் காயலுக்குள்ளும் மணல் சேர்ந்து உருவான சின்னச் சின்னத் தீவுகள். வளையம் விட்டுப்போன இடங்கள்தான் படகு நுழையும் வாய்கள். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, நூறு அல்லது அதற்குக் குறைவான தீவுகள் வளையம்போலக் கூடியிருக்கின்றன, உள்ளே போக வாசல்போல ஒரு வழி இருக்கிறது என்று இதைத்தான் எழுதினார்.

ஐரோப்பாவுக்குச் சொல்லைக் கொண்டுபோனவர் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பிரார். 1602இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் கரையேறி, 1607 வரை அங்கேயே சிக்கிக்கொண்டவர். நாடு 13 'அட்டொலோன்'களாகப் பிரிந்திருக்கிறது என்று எழுதினார். புவியியல் கலைச்சொல்லாக அதை நிலைநிறுத்தியவர் சார்லஸ் டார்வின். எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல அமிழ்கிறது. பவளம் வெளிச்சம் தேடி மேலே வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் தீவு மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1842இல் அவர் வெளியிட்ட விளக்கம் இது. 1952இல் பசிபிக்கின் எனிவெட்டாக் அட்டோலில் துளையிட்டபோது, அவர் சொன்னதுபோலவே, ஆயிரம் மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.

இதுவரை சொன்னது நிலவியல். மாலத்தீவுக்காரருக்கு அத்தொளு என்பது தன் ஊர் இருக்கும் மாவட்டமும்கூட. பிரார் 'அட்டொலோன்' என்று எழுதியதும் மாகாணம் என்ற பொருளில்தான். சுமார் 1200 தீவுகள், ஆள் வசிப்பவை இருநூறுக்கும் குறைவு, மக்கள் 5 லட்சத்துக்குச் சற்று மேல். வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கும் இந்த நாட்டை ஆள, கடலே போட்டுவைத்த எல்லையை எடுத்துக்கொண்டார்கள். முன்பு ஒவ்வொரு அத்தொளுவுக்கும் தலைநகர் மாலேயிலிருந்து ஒரு தலைவரை நியமிப்பார்கள். 2010ஆம் ஆண்டின் அதிகாரப் பரவலாக்கச் சட்டத்துக்குப் பிறகு, 2011இல் தீவு மன்றங்களுக்கும் அத்தொளு மன்றங்களுக்கும் தேர்தல் நடந்தது.

நிர்வாக எல்லை எப்போதும் பாறை வளையத்தோடு ஒத்துப்போவதில்லை. உலகின் மிகப் பெரிய அட்டோல்களில் ஒன்றான ஹுவதூ நிர்வாகத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதற்குத் தெற்கே உள்ள ஃபுவாமுலா நேர்மாறு. அது ஒற்றைத் தீவு. வளையமும் இல்லை, காயலும் இல்லை, உள்ளே இருப்பவை நன்னீர் ஏரிகள். ஆனாலும் அரசுக் கணக்கில் அது ஓர் அத்தொளு.

இப்போது தமிழுக்கு வருவோம். செய்திகளில் பெரும்பாலும் 'பவளத்தீவு' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அட்டோல் ஒரு தீவு அல்ல. பல தீவுகளைச் சுமக்கும் பாறை வளையம். 'மாலத்தீவில் 26 பவளத்தீவுகள்' என்று படிப்பவர் அந்த நாட்டில் இருப்பதே 26 தீவுகள்தான் என்று நினைத்துக்கொள்வார். மன்னார் வளைகுடாவில் கடலடிப் பாறைத்திட்டுக்கு 'பார்' என்று பெயர். முத்துக் குளித்த இடங்கள் முத்துப்பார். இலங்கைத் தமிழில் பவளப்பாறையை முருகைக்கற்பார் என்பார்கள். கடலில் பிழைத்தவர்கள் வாயில் வளர்ந்த இந்தச் சொல்லை வைத்து 'பவள வளையப்பார்' என்றால், வடிவமும் பொருளும் சேர்ந்து வருகின்றன. சுருக்கமாக வளையப்பார்.

இதை நிலவியல் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகப் பிரிவைச் சொல்லும்போது 'அத்தொளு' என்றே எழுதுவது நல்லது. வளையமே இல்லாத ஃபுவாமுலாவை வளையப்பார் என்று எழுத முடியாது. 'மாவட்டம்' என்று மாற்றினாலோ, அந்த மக்கள் தங்கள் கடலுக்கு வைத்த பெயர் காணாமல் போய்விடும். ளகரம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் சொல்லை அவர்கள் ஒலியிலேயே எழுதலாம்.