சம்பிரதாயம்: ஒரு சொல், இரண்டு பொருள், தமிழில் அதற்கு ஈடு என்ன?

பெங்களூரில் ஒரு தமிழ் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கினால் கொஞ்ச நேரத்திலேயே 'சம்பிரதாயம்' என்ற சொல் வந்துவிடும். அல்சூர்ப் பாட்டி, "எங்க சம்பிரதாயத்துல பந்தக்கால் நட்டப்புறம்தான் மத்ததெல்லாம்" என்பார். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் பேத்தி, "அதெல்லாம் வெறும் சம்பிரதாயம்தானே பாட்டி" என்பாள். பாட்டிக்கு அது வழிவழியாக வந்த முறை. பேத்திக்கு அது உள்ளே ஒன்றும் இல்லாத வெளிச்சடங்கு. செய்தித்தாள்களும் பேத்தியின் பொருளைத்தான் வளர்த்துவிட்டிருக்கின்றன. 'சம்பிரதாயமான சந்திப்பு' என்று போட்டால் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், வேறெதுவும் பேசவில்லை என்று வாசகர் புரிந்துகொள்கிறார். மதிப்புக்கும் வெறுமைக்கும் ஒரே சொல் பொதுவாக நிற்கும்போது, பழையது பற்றியும் புதியது பற்றியும் வீட்டில் நடக்கிற விவாதம் எங்கே போய் முடியும்?

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். சம்பிரதாயம் வடசொல். வடமொழியில் 'தா' என்ற வேருக்குக் கொடுத்தல் என்று பொருள். முன்னால் நிற்கும் 'ப்ர', 'சம்' இரண்டும் அதை முழுமையாகக் கையளித்தல் என்று ஆக்குகின்றன. ஆசிரியர் மாணவருக்கு முழுதாக ஒப்படைக்கும் போதனை, அந்தப் போதனை இறங்கிவந்த குருமார் வரிசை, அந்த வரிசையைப் பின்பற்றும் கூட்டம் என்று பொருள் படிப்படியாக விரிந்தது. ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயம் என்று சொல்லும்போது இந்த மூலப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் யாருக்குச் சொன்னார் என்ற தொடர்தான் அங்கே முக்கியம். ஆரத்தித் தட்டில் எத்தனை வெற்றிலை வைப்பது என்பதற்கு அந்தச் சொல்லை இழுத்தது பிற்கால வழக்கு.

பக்கத்து மொழிகளில் இந்தச் சொல் வேறு வேறு பாதையில் போயிருக்கிறது. கன்னடத்தில் அது மதிப்பான சொல். கல்யாண வீட்டில் பெண்கள் பாடும் பாட்டுகளுக்கு 'சம்பிரதாயத ஹாடு' என்று பெயர். ஆசாரத்தில் ஊறியவர்களை 'சம்பிரதாயஸ்தரு' என்பார்கள். ஹிந்தியிலோ கதை வேறு. அங்கே சம்பிரதாய் என்றால் மதப்பிரிவு. அதிலிருந்து பிறந்த 'சாம்ப்ரதாயிக்' என்பது வகுப்புவாதத்தைக் குறிக்கிறது. டெல்லிச் செய்தியில் 'சாம்ப்ரதாயிக் தங்கா' என்று வந்தால் மதக்கலவரம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், தொலைக்காட்சியில் ஹிந்தி என்று வளரும் ஒரு பெங்களூர்ப் பிள்ளை, கல்யாணப் பாட்டு, கைகுலுக்கல், கலவரம் என மூன்றுக்கும் ஒரே வேரைக் கேட்டு வளர்கிறது. இங்கே வாழும் தமிழர்கள் இந்தச் சொல்லைக் கையாளும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

தமிழில் இதற்கு நேரான சொல் மரபு. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்று பெயர். அந்த இயலைத் திறந்தால் வேதாந்தமோ விதிமுறையோ முதலில் வருவதில்லை. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் வருகின்றன. எந்த உயிரின் இளையதை எப்படிச் சொல்வது என்பதுதான் தொல்காப்பியர் காட்டும் முதல் மரபு. நாய்க்குட்டி என்கிறோம், நாய்க்கன்று என்பதில்லை. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் சொல்லி வருகிறோம் என்பதே பதில். ஆக, மரபின் வேர் வழக்கில் இருக்கிறது. பேசுகிற மக்கள் அதைத் தினமும் புழங்குவதால் அது நிற்கிறது. 'மரபுநிலை திரியின் பிறிதுபிறிது ஆகும்' என்று அதே இயல் எச்சரிக்கவும் செய்கிறது. கண்டபடி மாற்றினால் சொன்னது ஒன்று, புரிவது இன்னொன்று ஆகிவிடும் என்ற பயம் அது.

ஆனால் அதே தொல்காப்பியர் எச்சவியலில் 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்கிறார். காலத்தோடு வந்து வழக்கில் படிந்துவிட்ட சொல் எதையும் விலக்க வேண்டியதில்லை என்று பொருள். இந்த இரண்டு நூற்பாக்களையும் ஒரே ஆசிரியர் எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மரபைக் காக்கச் சொன்னவரே காலத்துக்குக் கதவையும் திறந்துவைத்திருக்கிறார். அவர் விதித்தபடியே, வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எழுதினால் 'சம்பிரதாயம்' தமிழில் செல்லும். நான் அதைத் துரத்தச் சொல்லவில்லை. எங்கே அது சரியாக உட்காருகிறது, எங்கே நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது என்று பார்த்துப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

அடுத்து நன்னூல். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையி னானே' என்பது அதன் கடைசி நூற்பா, 462ஆவது. போகி அன்று பழைய பாயைக் கொளுத்தும்போது இதன் முதல் வரியைச் சொல்லாதவர் குறைவு. ஆனால் பவணந்தி முனிவர் எதையும் கொளுத்தச் சொல்லவில்லை. சொற்களும் இலக்கண முறைகளும் காலத்தின் போக்கில் உதிர்வதும் புதியவை வந்து சேர்வதும் பிழை ஆகாது என்கிறார், அவ்வளவுதான். 'கால வகையினானே' என்பது அங்கே முக்கியமான சொல். தானாகக் கழிவதற்கும் நாமாகத் தூக்கி எறிவதற்கும் வேறுபாடு உண்டு.

பெங்களூர்க்காரர்களுக்கு இந்த நூற்பாவில் ஒரு தனி உரிமையும் இருக்கிறது. நன்னூலைச் செய்யச் சொன்னவன் சீயகங்கன் என்று அதன் சிறப்புப்பாயிரம் சொல்கிறது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன் அவன். கங்கர் குலத்தவன். கல்வெட்டுகளில் 'குவளாலபுர பரமேசுவரன்' என்பது அவன் பட்டம். குவளாலபுரம் என்பது கங்கர்களின் பழைய தலைநகர், இன்றைய கோலார். பெங்களூரிலிருந்து பழைய மெட்ராஸ் சாலையில் போனால் 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். கன்னட நாட்டுக் குலப் பெருமையைப் பட்டமாகச் சுமந்த ஒரு மன்னன் கேட்டு, ஒரு சமண முனிவர் எழுதித்தந்த தமிழ் இலக்கணம் நன்னூல். எல்லை, மதம், மொழி என்று நாம் இன்று பிரித்துப் பேசுகிற எல்லாமே அந்த ஒரு நூலுக்குள் சேர்ந்து நிற்கின்றன.

ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே' என்பது நன்னூல் மரபுக்குத் தரும் இலக்கணம். தொல்காப்பியமும் 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே' என்கிறது. யார் அந்த உயர்ந்தோர்? அறிவால் உயர்ந்தவர் என்று உரை சொல்லலாம். நடைமுறையில் அது சாதியால் உயர்ந்தவராகத் திரிந்து, பலருடைய வழக்குகள் மரபு என்றே எண்ணப்படாமல் போயின. கோயிலுக்குள் நுழையக் கூடாது என்பதும், கணவனை இழந்தவள் மணமேடைக்கு வரக் கூடாது என்பதும் மரபின் பெயரில்தான் நடந்தன. அவை கழிய வேண்டியவை. காலம் தானாகக் கழிக்கட்டும் என்று காத்திருக்காமல் ஆட்கள் போராடிக் கழித்தார்கள், இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மரபு எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் சித்திரா பௌர்ணமியை ஒட்டி வரும் பெங்களூர் கரகத்துக்குப் போகலாம். நகர்த்தபேட்டைப் பக்கம் இருக்கும் தர்மராய சுவாமி கோயிலில் நடக்கும் திரௌபதி விழா அது. அதை நடத்துபவர்கள் திகளர் சமூகத்தார். தமிழ் வேர் கொண்டவர்கள், தோட்ட வேலைக்குப் பேர் பெற்றவர்கள். செஞ்சிப் பகுதியில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடப்பதை அறிந்தவர்களுக்கு இந்த வழிபாடு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நள்ளிரவு தாண்டி, மல்லிகைப் பூவால் கோபுரம்போல் கட்டிய கரகத்தைத் தலையில் ஏந்தி, பெண் அலங்காரத்தில், கையில் வளையல் போட்ட ஓர் ஆண் வெளியே வருகிறார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகிறார்கள். கரகத்தைக் கை பிடிப்பதில்லை. விடிய விடியப் பேட்டைத் தெருக்களைச் சுற்றும் அந்த ஊர்வலம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வருகிறது. பாரதக் கதையில் தர்கா கிடையாது. யாரோ ஒரு தலைமுறை அதைச் சேர்த்தது, அடுத்த தலைமுறை ஏற்றது, இன்று தர்காவுக்குப் போகாத கரகத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது ஊர்வலம் இல்லாமல் கோயிலோடு விழாவை முடித்துக்கொண்டார்கள். கரகம் நின்றுபோய்விடவில்லை.

'கரகம்' என்ற சொல்லே மரபியலில் வருகிறது. 'நூலே கரகம் முக்கோல் மணையே' என்று அந்தணருக்கு உரியவற்றைச் சொல்லும் இடத்தில் அது துறவியின் நீர்க்கலம், கமண்டலம். இந்தப் பகுதி பிற்கால இடைச்செருகல் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும், ஒருவர் கையில் தொங்கிய தண்ணீர்ப் பாத்திரத்தின் பெயர் மாரியம்மன் திருவிழாவிலும் கரகாட்டத்திலும் தலைக்கு ஏறி, இங்கே ஒரு பெருநகரத்தின் இரவுத் திருவிழாவுக்கே பெயராகிவிட்டது. பெயர் அப்படியே இருக்கிறது, ஆளும் இடமும் பொருளும் மாறிவிட்டன. இதைச் சம்பிரதாயம் என்றால் இந்த நகர்வு தெரியாது. மரபு என்றால் தெரியும்.

வீட்டுக்குள்ளும் இதே நகர்வு நடக்கிறது. சர்ஜாபூர் சாலையின் அடுக்குமாடிகளில் புதுமனை புகுவிழா நடப்பதைப் பாருங்கள். பசுவும் கன்றும் வண்டி நிறுத்தும் இடத்தோடு நின்றுவிடும், லிஃப்டில் ஏறாது. சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பு இருக்கும். அதில் மண்பானையும் பித்தளைப் பாத்திரமும் சூடேறாது. குழாய் எரிவாயு இணைப்பு இன்னும் வந்திருக்காது. அப்போது யாராவது ஒரு அத்தை, சின்ன எரிவாயு அடுப்பு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, மூன்று செங்கல்லுக்கு நடுவில் வைத்து, பானையை ஏற்றுவார். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததா என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் செங்கல்லுக்கு இப்போது வேலை இல்லை. ஆனால் பால் பொங்க வேண்டும், அதை எல்லோரும் கூடி நின்று பார்க்க வேண்டும். அந்த அத்தைக்கு எது கழியலாம், எது இருக்க வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. அவர் செய்வது மரபு. புரோகிதர் நேரமாகிவிட்டது என்று அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்புவது, பேத்தி சொன்ன அந்தச் சம்பிரதாயம்.

இனி எங்கே எந்தச் சொல் என்று பார்ப்போம். தலைமுறை தாண்டி வருவது எதுவோ அதற்கு மரபு. மரபுக்கவிதை, மரபணு, மரபு நெல் என்று புதிய துறைகளிலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. 'பாரம்பரியம்' என்பதும் வடசொல்தான், ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்று பொருள். அந்த இடத்தில் வழிவழி என்றோ மரபு என்றோ சொல்லலாம். ஒரு குடும்பமோ ஊரோ தொடர்ந்து செய்துவருவது வழக்கம். உறவுக்காரர் இன்னார்க்கு இன்னது செய்ய வேண்டும் என்பது முறை. தாய்மாமன் சீர் கொண்டுவருவது முறை, அதற்குச் சம்பிரதாயம் என்ற சொல் தேவையே இல்லை. பூசை, ஹோமம், தாலி கட்டுதல் போன்ற செயல்கள் சடங்கு. வேலூர், ஆம்பூர் பக்கமிருந்து வந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியேறிய வீடுகளில் இதைச் 'சாங்கியம்' என்பார்கள். நல்ல புழங்குசொல், விட்டுவிடாதீர்கள். வெற்று வெளித்தோற்றத்தைச் சொல்ல வேண்டுமானால் 'பேருக்கு' என்ற சொல் போதும். 'சம்பிரதாயத்துக்கு வந்தார்' என்பதைவிடப் 'பேருக்கு வந்து தலைகாட்டினார்' என்பது யாருக்கும் உடனே புரியும்.

'சம்பிரதாயம்' எங்கே இருக்கட்டும் என்றால், குரு வரிசையையும் சமய வழியையும் குறிக்கும் இடத்தில். ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயம், பஜனை சம்பிரதாயம் என்பவற்றை மாற்ற வேண்டியதில்லை. அவை அந்தச் சொல்லின் சொந்த வீடு. கல்யாணப் பத்திரிகையில் 'எங்கள் சம்பிரதாயப்படி' என்று அச்சடிக்கும் இடத்தில் மட்டும் 'எங்கள் மரபுப்படி' என்றோ, இன்னும் எளிதாக 'எங்கள் முறைப்படி' என்றோ போடலாம். கன்னடம் பேசும் சம்பந்தி வீட்டாருக்கான பத்திரிகையில் 'சம்பிரதாய' என்றே இருக்கட்டும், அவர்கள் மொழியில் அதற்கு மரியாதை குறையவில்லை.