டெப்த் 30 என்றால் முப்பது நகர்த்தலையும் பார்த்துவிட்டது என்றா அர்த்தம்?

போட்டி நடக்கும் நாட்களில் செஸ் பயிற்சியாளர்களின் வாட்ஸ்அப்பில் பெற்றோர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டாகக் குவியும். "சார், டெப்த் 24ல வெள்ளைக்கு பிளஸ் 1.2 காட்டுது, இவன் ஏன் டிராவுக்கு ஒத்துக்கிட்டான்?" பெரும்பாலும் பையனைத் திட்டி முடித்த பிறகுதான் எனக்கு வருகிறது என்பது வேறு விஷயம். அந்த 24 என்ன, அந்த 1.2 என்ன என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. இன்ஜின், அதாவது செஸ் நிலையை அலசி யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எண்ணில் காட்டும் கம்ப்யூட்டர் மென்பொருள், எப்படித் தேடுகிறது என்று கொஞ்சம் தெரிந்தாலே பாதித் திட்டு குறையும் என்பதால் இதை எழுதுகிறேன்.

டெப்த் என்பது அரை நகர்த்தல் கணக்கு. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று ஆடினால் இரண்டு. அதாவது 24 என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு. சரி, அந்தப் பன்னிரண்டிலும் எல்லா வழியையும் பார்த்துவிட்டதா என்றால், வாய்ப்பே இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள், கறுப்பும் ஆடினால் 400 வழிகள், மூன்றாவது அரை நகர்த்தலில் 8,902, நான்காவதில் 1,97,281, ஐந்தாவதிலேயே 48 லட்சத்தைத் தாண்டிவிடும். 24க்கு எந்தக் கம்ப்யூட்டராலும் முழுதாகப் போக முடியாது. ஆகவே எதையாவது வெட்டியே ஆக வேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் இன்ஜினுக்கு இன்ஜின் வித்தியாசம். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் வெளியான தன் கட்டுரையிலேயே இரண்டு வழி சொல்லியிருந்தார்: எல்லாவற்றையும் குறிப்பிட்ட ஆழம் வரை பார்ப்பது, அல்லது தேறும் என்று தோன்றுவதை மட்டும் ஆழமாகப் பார்ப்பது.

வெட்டுவதிலும் இரண்டு ரகம் உண்டு. முதலாவது, நஷ்டமே இல்லாத வெட்டு. ஒரு நகர்த்தலைப் பார்த்து அது சமநிலை என்று இன்ஜினுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நகர்த்தலுக்கு எதிராளியின் முதல் பதிலே நம் ராணியைச் சும்மா தூக்கிவிடுகிறது என்றால், அதற்கு அவரிடம் இருக்கும் மீதி முப்பது பதில்களையும் பார்ப்பானேன்? அங்கேயே நிறுத்திவிடலாம், விடை துளியும் மாறாது. இதுதான் ஆல்ஃபா-பீட்டா. நல்ல நகர்த்தல்களை முதலில் எடுத்துப் பார்த்தால், அதே நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் போகலாம். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5-2.5 என்று வென்ற டீப் ப்ளூ கம்ப்யூட்டரும் அடிப்படையில் இந்த வழிதான், கூடவே நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்க்கும் தனி சிப்புகள்.

இரண்டாவது ரகம் பந்தயம் கட்டுவது. இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின்கள் செய்யும் ஒரு தந்திரம்: "நான் இந்த முறை ஆடாமல் சும்மா விட்டால்கூட எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் எதிராளி இந்தப் பக்கம் வரவே மாட்டார்" என்று முடிவுகட்டி அந்தக் கிளையையே வெட்டிவிடுவது. பெரும்பாலும் சரிதான். ஆனால் பலகையில் இதை வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா எஃப்4, சிப்பாய் இ5. வேறு காயே இல்லை. யார் ஆட வேண்டுமோ அவர் காலி! வெள்ளை ராஜா எங்கே நகர்ந்தாலும் இ4 சிப்பாய் போய்விடும், ஆட்டமும் போய்விடும். ஆடாமல் விட முடிந்தால் வெள்ளைதான் ஜெயிக்கும். "சும்மா விட்டாலும் நன்றாக இருக்கிறது" என்ற கணக்கு இங்கே தலைகீழ். அதனால்தான் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் இந்தத் தந்திரத்தை இன்ஜின்கள் நிறுத்திவைக்கின்றன. கூடவே ஒரு குதிரையோ யானையோ இருந்து, அப்போதும் இதே இக்கட்டு வந்தால், தடுமாற இன்னும் இடம் உண்டு.

இன்னொரு பந்தயம், வரிசையில் பின்னால் வரும் அமைதியான நகர்த்தல்களைக் குறைந்த ஆழத்தில் மட்டும் பார்ப்பது. டெப்த் 26 வரை பிளஸ் 1.2 காட்டிவிட்டு 29இல் திடீரென்று 0.0 ஆவதைப் பார்த்திருப்பீர்களே, பல சமயம் காரணம் இதுதான். காப்பாற்றும் நகர்த்தல் ராஜாவை ஓரமாக ஒதுக்குவது மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கும், இன்ஜின் அதைக் கடைசியில் தள்ளியிருக்கும். மாணவர்களுக்கு நான் சொல்வது: சந்தேகமான நகர்த்தலை நீங்களே பலகையில் ஆடிக் காட்டுங்கள், கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், அப்புறம் பழைய நிலைக்குத் திரும்புங்கள். பார்த்த நிலைகளை அது நினைவகத்தில் வைத்திருக்கும் என்பதால் பெரும்பாலும் எண் மாறிவிடும்.

லீலா என்ற இன்ஜின் வேறு ஜாதி. 2017 டிசம்பரில் வந்த ஆல்ஃபாஜீரோ என்ற இன்ஜினின் வழி அது. அந்த ஆல்ஃபாஜீரோ நொடிக்கு 80 ஆயிரம் நிலைகளைத்தான் பார்த்தது, எதிரே ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி. 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. (போட்டி நிபந்தனைகள் நியாயமா என்று அப்போதே பெரிய சண்டை, அதில் ஸ்டாக்ஃபிஷ் பக்கத்து வாதமும் லேசானதல்ல.) இந்த வகையில் நியூரல் நெட்வொர்க் (ஏராளமான ஆட்டங்களிலிருந்து தானே கற்றுக்கொண்ட நிரல்) முதல் பார்வையிலேயே எந்த நகர்த்தல் தேறும் என்று ஊகிக்கிறது, தேடல் அந்தப் பக்கமே அதிகம் போகிறது, வரும் மதிப்புகளைச் சராசரியாக்குகிறது. மெதுவாக நெருக்கும் ஆட்டத்தில் இது அபாரம். ஆனால் முதல் பார்வையில் பிடிக்காத ராணித் தியாகம் ஒன்று இருந்தால் அதைத் தொடவே நேரமாகும், தொட்ட பிறகும் பழைய சராசரி உடனே இறங்காது. அது காட்டும் டெப்த்தும் மரத்தின் சராசரி ஆழத்தை ஒட்டியது, ஆகவே லீலாவின் 12ஐ ஸ்டாக்ஃபிஷின் 30ஓடு ஒப்பிட்டு எது பெரிது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. 2020இல் ஸ்டாக்ஃபிஷும் நியூரல் நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டது, ஆனால் நிலையை மதிப்பிட மட்டும், தேடல் பழைய ஆல்ஃபா-பீட்டாதான்.

அந்த 1.2 பற்றி. 15.1 பதிப்பிலிருந்து ஸ்டாக்ஃபிஷில் பிளஸ் 1 என்பது ஒரு சிப்பாய் அதிகம் என்று பொருள் தராது. அதே பலமுள்ள இன்ஜினோடு ஆடினால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்பதே கணக்கு. இன்ஜினோடு இன்ஜின், கவனியுங்கள். கடிகாரத்தில் ஒரு நிமிடம் மிஞ்சியிருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு என்று அந்த எண் சொல்லவில்லை.

கடைசியாக செட்டிங்ஸ். சிறந்த ஐந்து நகர்த்தல்களையும் அவற்றின் தொடர்ச்சிகளையும் ஒரே சமயத்தில் காட்டச் சொல்லி வைத்திருந்தால், இரண்டாவது முதல் ஐந்தாவது வரையானவற்றுக்கும் சரியான மதிப்பு கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் வெட்டல் குறையும், அதே நேரத்தில் ஆழமும் குறையும். ஓப்பனிங் படிக்க ஐந்து வையுங்கள். ஒரு குறிப்பிட்ட தாக்குதல் செல்லுமா என்று பார்க்க ஒன்று போதும். போனில் பிரவுசரில் ஓடும் இன்ஜினை டெப்த் 20இல் நிறுத்திவிட்டு எனக்கு அனுப்பாதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு வந்து அனுப்புங்கள். ஏழு காய்களோ அதற்குக் குறைவோ மிஞ்சிய நிலை என்றால் இன்ஜினே வேண்டாம், டேபிள்பேஸில் (இப்படிப்பட்ட நிலைகளுக்கெல்லாம் விடையை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் தொகுப்பு) போட்டால் ஜெயமா டிராவா என்று உறுதியான விடையே வந்துவிடும்.