கார மஃபினுக்குத் தமிழ்நாடு முழுக்க விளம்பரமா?

இந்த வாரமும் ஒரு ஆச்சி வந்தார். காரைக்குடியில் வீட்டிலேயே கார மஃபின் போட்டு விற்கிறார். சீஸ், மக்காச்சோளம், வெங்காயம், பச்சை மிளகாய். ருசிக்கு நான் சாட்சி. இன்ஸ்டாகிராமில், போட்ட பதிவைக் காசுக்கு இன்னும் பலருக்குக் காட்டுகிற 'பூஸ்ட்' பட்டனைத் தட்டிப் பணம் கட்டினாராம். லைக் குவிந்தது, ஆர்டர் வரவில்லை. "விளம்பரமே ஏமாத்து வேலை தம்பி" என்கிறார். சிறு தொழில்களுக்கு இணைய விளம்பரம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதே புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆச்சி, லைக் வேறு, வியாபாரம் வேறு. விளம்பரம் போடும்போதே உங்களுக்கு என்ன வேண்டும் என்று இன்ஸ்டாகிராம் கேட்கிறது. லைக், கமென்ட் என்று சொன்னால், கண்ணில் பட்டதற்கெல்லாம் லைக் போடுகிற ஆட்களாகப் பார்த்துக் காட்டும். கேட்டதைத்தானே கொடுத்தது? அவர்கள் சேலத்தில் இருப்பார்கள், ஓசூரில் இருப்பார்கள்; ஒருவரும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. ரீச் இத்தனை ஆயிரம் என்றால் இத்தனை ஆயிரம் பேர் திரையில் அது ஓடியது, அவ்வளவுதான். நின்று பார்த்தார்களா என்பதுகூட அந்த எண்ணில் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் போடும் இதயம் சந்தோஷம்தான், அதைக் கல்லாவில் போட முடியாது. லைக் எண்ணிக்கையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அதோடு, இது தேன்குழலோ சீப்புச் சீடையோ இல்லை, டின்னில் அடைத்து மலேசியாவுக்கு அனுப்ப. வெங்காயமும் சீஸும் சேர்ந்த மஃபின் நம் ஊர் வெயிலில் மறுநாளே நசநசத்துவிடும். பிறகு எதற்குக் கோயம்புத்தூர்க்காரருக்கு விளம்பரம்? வரைபடத்தில் உங்கள் வீட்டைக் குறித்து, சுற்றிலும் 10 கிலோமீட்டர் போதும். நோக்கம் என்ற இடத்தில் வாட்ஸ்அப் செய்தியைத் தேர்ந்தெடுங்கள். செலவையும் அடுப்பைப் பார்த்து வையுங்கள். வீட்டு ஓடிஜியில், அதாவது சின்ன மின்சார அவனில், ஒரு ஈட்டுக்கு 6, மிஞ்சினால் 12. ஆயிரம் ரூபாய் விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி, அதையும் விலையில் கணக்கு வைக்காமல் லாபம் என்று சொல்லாதீர்கள்.

விளம்பரம் வேலை செய்கிறதா என்று தெரிய நேரான வழி, நிறுத்திப் பார்ப்பது. இணையச் சந்தை நடத்தும் ஈபே நிறுவனம் 2012-இல் அமெரிக்காவில், தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தைச் சில தேடுதளங்களில் நிறுத்தியது. அதனால் குறைந்த பார்வையாளர் வருகையில் 99.5 சதவீதம் காசில்லாத தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தது. எப்படியும் வரப்போகிறவர்களுக்குத்தான் அத்தனை நாள் செலவழித்திருந்தார்கள்! நீங்களும் ஒரு வாரம் ஓட்டி, மறுவாரம் நிறுத்துங்கள். தீபாவளி வாரத்தில் வேண்டாம், அப்போது எல்லாமே விற்கும். ஆர்டர் தருகிற ஒவ்வொருவரிடமும் "எங்க பார்த்தீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பாதிப் பேர் "பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னாக" என்றால், அந்த ஆச்சிக்கு நாலு மஃபின் கொடுப்பது மலிவு.

படத்தோடு விலை, டெலிவரி போகும் ஊர்கள், முட்டை உண்டா இல்லையா, எல்லாம் இருக்கட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டு அடுப்புக்கும் உண்டு. எடுத்துவிட்டு விளம்பரத்துக்கு வாருங்கள். "ஃபாலோயர் ஏத்தித் தர்றேன்" என்று வருகிறவரிடம் பணமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

விளம்பரம் ஓடுகிற நாளில் போனைக் கையில் வையுங்கள். சாயங்காலம் விலை கேட்டவருக்கு மறுநாள் காலையில் பதில் போட்டால், அவர் முந்தின நாளே முக்குக் கடையில் பஜ்ஜி தின்றிருப்பார்.