கடல்நீரில் தோய்த்த கத்தி ஏன் வெடித்தது?

மூதூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில் வீட்டிலேயே மீன் வெட்டும் கத்தி செய்தாராம். முதல் கத்தியைக் காய்ச்சி அடித்துச் சாம்பலில் ஆறவிட்டுத் தீட்டினார். பாரையின் தலையை வெட்டியதும் மழுங்கிவிட்டது. அடுத்ததைச் சிவக்கக் காய்ச்சிக் கடல்நீரில் முக்கினார். நடு அலகில் குறுக்கே வெடிப்பு. இரும்பில் குறையா என்று கேட்கிறார்.

இரும்பில் குறையில்லை. லொறி ஸ்பிரிங் நல்ல உருக்கு. ஏறத்தாழ 0.6 சதவீதம் காபன் இருக்கும், பல ரகங்களில் கொஞ்சம் குரோமியமும் சேர்ந்திருக்கும். அறுப்பது, அடித்து மெலிதாக்குவது, அரத்தால் ராவுவது எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். கத்தி கத்தியாவது தோய்ச்சலில்தான், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பதில்தான்.

சாதாரண வெப்பநிலையில் இரும்பின் பளிங்குச் சாலகத்தில், அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்கில், காபனுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். சுமார் 800 பாகை செல்சியசுக்கு மேலே போனால் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் இடைவெளிகள் பெரியவை. காபன் அணுக்கள் தாராளமாக உள்ளே போய் உட்காரும். அந்த நிலை வந்ததா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். 770 பாகையில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சிவக்க விட்டால் சரி. பழைய கொல்லர்கள் மங்கல் வெளிச்சத்தில்தான் தோய்ச்சல் வைப்பார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. பட்டப்பகலில் சிவப்பின் நிறபேதம் கண்ணுக்குப் பிடிபடாது, அவ்வளவுதான்.

மெதுவாக ஆறவிட்டால் காபன் நிதானமாக வெளியேறி இரும்போடு சேர்ந்து தனித் தகடுகளாகப் படியும். வாசகரின் முதல் கத்திக்கு நடந்தது இதுதான். சட்டென்று குளிர்வித்தால் காபனுக்கு நகர நேரம் கிடைக்காது. இரும்போ பழைய அடுக்குக்குத் திரும்பியாக வேண்டும். அப்போது நடப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். எந்த அணுவும் தன் பக்கத்து அணுவை விட்டுப் பிரிவதில்லை. வரிசை வரிசையாக எல்லாம் ஒன்றாகச் சரிகின்றன, கிட்டத்தட்ட உருக்கில் ஒலி பாயும் வேகத்தில். வெளியேற முடியாத காபன் உள்ளேயே சிக்கிக்கொண்டு சாலகத்தை ஒரு பக்கமாக நீட்டிவிடுகிறது. அணு வரிசைகள் வழுக்கினால்தான் உலோகம் வளையும். நீட்டப்பட்ட சாலகத்தில் அவை வழுக்க முடியாது. ஜெர்மானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் இந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர்.

அவசரமெல்லாம் 500 பாகையைத் தாண்டும் வரைதான். மார்ட்டென்சைட் பிறப்பதோ சுமார் 250 பாகைக்குக் கீழே. இடைப்பட்ட சில வினாடிகள் அலகு, குளிர்விக்கும் எண்ணெயிலிருந்து வெளியே வந்தும் மெத்தென்றுதான் இருக்கும். கோணியிருந்தால் தடித்த கையுறையோடு நிமிர்த்திவிடலாம். அப்போதும் காந்தம் ஒட்டாது! ஆற ஆறத்தான் ஒட்டத் தொடங்கும். கண்முன்னே உருக்கு பிறப்பதை ஒரு காந்தத்தை வைத்தே பார்க்கலாம்.

இனி கடல்நீர். மார்ட்டென்சைட் முந்திய அமைப்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். சாதாரணத் தண்ணீரில் சுடுகத்தியைச் சுற்றி நீராவிப் போர்வை ஒன்று உருவாகிக் குளிர்வதைச் சற்றுத் தாமதிக்கும். உப்பு அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். அதனால் வெளித்தோல் முதலில் இறுகிவிடுகிறது. பிறகு உள்பகுதி மாறி விரிகிறது. இறுகிய தோல் இழுபட்டு வெடிக்கிறது. குரோமியம் காபனின் வெளியேற்றத்தைத் தாமதிப்பதால் இந்த உருக்குக்கு அத்தனை வேகம் தேவையே இல்லை. 50, 60 பாகைக்குச் சூடாக்கிய தேங்காய் எண்ணெய் போதும். சூடான எண்ணெய் இளகி நன்றாக ஓடும். இரும்புப் பாத்திரத்தில், மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். எண்ணெய் தீப்பிடிக்கும்.

தோய்த்த அலகு கண்ணாடிபோல் நொறுங்கும். அதே நாளில் கேக் ஓவனில் 200 பாகையில் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். கொஞ்சம் காபன் விடுபட்டு இறுக்கம் தளரும். துலக்கிய பக்கம் வைக்கோல் மஞ்சளானால் சரி. நீலம் வந்துவிட்டால் சமையல் கத்திக்கு மென்மை கூடிப்போயிற்று.

இது இலங்கை மண்ணுக்குப் புதிதல்ல. சமனலவெவ மலைச்சரிவுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பருவக்காற்றை உலைக்குத் துருத்தியாக்கி உருக்கு எடுத்திருக்கிறார்கள். தொல்லியலாளர் கில் ஜுலெஃப் அங்கே உலை கட்டிப் பரிசோதித்து, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். நமக்குக் கச்சானாக வரும் அதே காற்றுத்தான். அப்படிப்பட்ட நாட்டில், உருக்கின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்காமலேயே பிள்ளைகள் உயர்தர வகுப்பை முடிக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு உலோகவியல் நுண்ணோக்கியும் ஒரு சிறு மின்னுலையும் வாங்கப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

சரி, வாசகருக்கு: முதல் கத்தியின் பிடியைக் கழற்றி, ஓரத்தை 1 மில்லிமீட்டர் தடிப்புக்கு ராவிவிட்டு, எண்ணெயில் தோய்ச்சல் வையுங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் இறுகிவிட்டது. வெடித்ததைத் திரும்பக் காய்ச்சினாலும் வெடிப்பு ஒட்டாது. அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டு, வெடிப்பிலிருந்து தள்ளி அறுத்து, திரும்ப எண்ணெயில் தோய்ச்சல் வைத்தால் வெங்காயம் அரிய ஒரு சின்னக் கத்தி தேறும். இரண்டுமே துருப்பிடிக்கும், துருவைத் தடுக்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். மீன் வெட்டியதும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள்.