அதிகாலை இரண்டரைக்கு ஓடும் பேக்கப்

லினக்ஸ் சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலையைத் தொடங்கி வைப்பது கிரான் என்ற சின்ன நிரல். 1970களின் யூனிக்ஸிலேயே வந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். கிரான்டேப் என்ற கோப்பில் இந்த நிமிடத்துக்கு ஏதாவது எழுதியிருந்தால் அதை ஓட்டிவிட்டு மறுபடி தூங்கப்போகும். அவ்வளவுதான். ‘30 2 * * *’ என்று ஒரு வரி தொடங்கினால் தினமும் அதிகாலை 2:30 என்று அர்த்தம். ஐந்து இடங்களும் முறையே நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை.

நேரம் குறிப்பது இவ்வளவு சுலபம். பேக்கப் என்றால் எதை, எப்படி நகலெடுப்பது என்பதில்தான் சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே காப்பி செய்யக்கூடாது. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு 500 ரூபாய் மாறுகிறது என்று வையுங்கள். கழிப்பதற்கு முன் முதல் கணக்கும், சேர்த்த பிறகு இரண்டாவது கணக்கும் நகலில் ஏறினால், இல்லாத 500 ரூபாய் முளைத்துவிடும். இதற்காகவே போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நகலெடுக்கும் கருவியான பிஜி_டம்ப், தான் தொடங்கிய நொடியில் தரவு எப்படி இருந்ததோ அதை மட்டும் பார்க்கும். ஒரு வரி மாறினாலும் அதன் பழைய வடிவத்தைத் தரவுத்தளம் விட்டுவைப்பதால் இது முடிகிறது. மற்றவர்கள் எழுதுவதும் தடைபடாது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு இதே வசதி உண்டு, ஆனால் ‘சிங்கிள் டிரான்சாக்‌ஷன்’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

சரி, வேலை ஓடியது. முடிந்ததா? கிரானுக்கு அந்தக் கவலையே கிடையாது. டம்பின் வெளியீட்டை நேராக ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்குத் தள்ளுவது வழக்கம். டம்ப் முதல் அடியிலேயே விழுந்தாலும், கடைசியில் நிற்கும் ஜிசிப் ஒழுங்காக முடிந்தால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் ‘வெற்றி’ என்றே சொல்லும். வரிசையில் எது விழுந்தாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போட்டால்தான் உண்மை தெரியும். இல்லாவிட்டால் அன்றைய தேதியோடு அழகாக ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும், வெறும் 20 பைட் அளவில். ஒன்றுமில்லாததை ஜிசிப் சுருக்கினால் வருவது அவ்வளவுதான்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் சுமார் 300 ஜிபி தவறுதலாக அழிந்தது. பேக்கப்பைத் தேடினால், அது இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, ஓடிய பிஜி_டம்ப் 9.2, அதனால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. கிரான் பிழை மின்னஞ்சல் அனுப்பத்தான் செய்தது. அனுப்புநரை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வர் அதை ஏற்கவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் தோல்விச் செய்திக்குக் காத்திருப்பதில்லை. கிரான்டேபில் இன்னொரு வரி சேர்க்கிறார்கள்: புது பேக்கப்பைக் காலியான தரவுத்தளம் ஒன்றில் ஏற்றி, முக்கிய அட்டவணைகளில் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் வேறொரு சர்வருக்குத் தகவல் போகும். குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அந்த சர்வர் ஆளைக் கூப்பிடும்.