பர்ன்அவுட்: தமிழில் என்ன சொல்வது?

கொழும்பில் இரவு ட்யூட்டி முடித்து பஸ்சுக்கு நிற்கும் தாதியிடம் கேட்டால் ‘அலுப்பா இருக்கு’ என்பார். அது நித்திரை கொண்டு எழும்பினால் போய்விடும். நித்திரை கொண்டும் ‘வாட்டுக்குப் போக மனமே வருதில்லை, விட்டுப் போச்சு’ என்று வந்தால், அதுதான் பர்ன்அவுட்.

எரிபொருள் தீர்ந்து அணைவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல் இது. 1974இல் நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் வேலை செய்தவர்களின் நிலையை உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இந்தப் பெயரால் எழுதினார். தானும் அப்படி ஆனவர் அவர். 1981இல் உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதை வேலையோடு வரும் நிலை என்று வரையறுத்தது. நோய் என்று சொல்லவில்லை.

அதனால் ‘மனச்சோர்வு’ பொருந்தாது. அது டிப்ரெஷனுக்கு எடுத்துக்கொண்ட சொல், பழியும் ஆளின் மனதிலேயே விழும். ‘பணிச்சோர்வு’ பரவாயில்லை, ஆனால் ஒரு நாள் லீவில் தீரும்போலக் கேட்கிறது. நான் ‘பணித்தீய்வு’ என்பேன். தண்ணீர் வற்றிய பிறகும் அடுப்பிலேயே வைத்தால் சோறு தீய்ந்துபோகும். மழை இல்லாவிட்டால் பயிர் தீயும். அரிசியையோ பயிரையோ யாரும் குறை சொல்வதில்லை.

தண்ணீர் வற்றுவது வேலைப்பளுவால் மட்டுமில்லை. மஸ்லாக்கும் அவருடன் ஆய்வு செய்த மைக்கேல் லைட்டரும் சொன்ன ஆறு காரணங்களில் ஒன்று, ஆளின் விழுமியமும் வேலையிடத்தின் விழுமியமும் முட்டிக்கொள்வது. நோயாளியின் பக்கத்தில் இருந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நம்புகிறவருக்கு ஊசிக்கும் சார்ட்டுக்கும் மட்டும் நேரம் கிடைத்தால், உள்ளே ஏதோ அறுகிறது. சிங்களம் தெரியாத நோயாளிக்காக அடுத்த வாட்டுக்கும் ஓடி மொழிபெயர்க்கும் தமிழ்த் தாதியின் அந்த வேலை எந்த ரோஸ்டரிலும் ஏறாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல தாதியர் நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களின் வேலையும் இருப்பவர்களின் தலையில் விழுந்தது. போனவர்களோ, போன நாட்டில் வெளிநாட்டுத் தாதிகள்; அங்கத்தைய வழக்கம் வேறு. ‘அம்மா’ என்று அழைத்துப் பழகியவர், பிரிட்டனில் எண்பது வயது மூதாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டி வரலாம். சின்ன விஷயம்தான், ஆனால் நாள் முழுக்க உறுத்தும்.

விழுமியத்துக்கு உறவான ‘விழுமம்’ பழந்தமிழில் சிறப்பையும் துன்பத்தையும் குறித்தது. தொல்காப்பியம் இரண்டையும் சொல்கிறது. ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ என்ற குறளில் அது துன்பம். தாதியர் செய்வதும் அந்தத் துடைப்புத்தானே.

சரி, எழுதும்போது பணித்தீய்வு. பேச்சில் ‘தீஞ்சு போனன்’ என்றாலே எவருக்கும் விளங்கும்.